பிரசங்க மேடையும் வாக்குச்சாவடியும்

வில்லியம் ஹென்றி கிரெகரியை, கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவிய ஆளுநராக இலங்கையில் அறிவார்கள். 1872-இல் அந்தப் பதவிக்கு வருமுன் அவர் அயர்லாந்தின் மேற்கிலுள்ள கால்வே கவுண்டியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் ஆளுநரானதால் காலியான தொகுதிக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. ஜான் பிலிப் நோலன் 2,823 வாக்குகள் வாங்கினார். எதிர்த்து நின்ற வில்லியம் லெ போயர் ட்ரெஞ்ச் வாங்கியது 658. ஆனால் ஆண்டு முடிவதற்குள் கால்வேயின் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனவர் 658 வாக்கு வாங்கியவர்தான்.

கள்ள ஓட்டுப் போட்டார்கள், பெட்டியை மாற்றினார்கள் என்றெல்லாம் நோலன்மீது புகார் இல்லை. அவருக்காகக் கத்தோலிக்கக் குருக்கள் வாக்காளர்களை மிரட்டினார்கள், அந்த மிரட்டல் தேர்தலையே கெடுத்துவிட்டது என்று நீதிபதி முடிவு செய்தார். அயர்லாந்தை உலுக்கிய அந்தத் தீர்ப்பு நீதிபதியின் உருவபொம்மைகளைத் தெருவில் எரிய வைத்தது. அதே காலத்து அயர்லாந்து வழக்குகளில் உருவான சட்டக் கருத்து கடல் கடந்து கனடாவுக்குப் போனது. அதன் வழித்தோன்றல் ஒன்று இந்தியாவின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மதகுருவும் ஒரு குடிமகன். யாருக்கு வாக்களிக்கலாம் என்று அவருக்கும் கருத்து இருக்கும். அதைச் சொல்ல உரிமையும் உண்டு. அவர் சொல் எந்த இடத்தில் ஆலோசனையாக இருப்பது நின்று மிரட்டலாக மாறுகிறது? நீதிமன்றங்கள் இந்தக் கோட்டை ஓரளவு சரியாகவே வரைந்தன என்பது இந்த வழக்குகளைப் படிக்கும்போது தெரிகிறது. ஆனால் அந்தக் கோடு வாக்காளரை விடுவிக்கவில்லை என்பதும் கூடவே தெரிகிறது.

நிலக்கிழாரின் கண் முன்னே

1872 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ரகசிய வாக்கு கிடையாது. வாக்காளர் தேர்தல் அதிகாரியின் முன் நின்று தன் தேர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் நிலக்கிழாரின் காரியஸ்தரும் இருப்பார். அயர்லாந்துக் குடியானவர்களில் பெரும்பாலோர் நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் இல்லாமல் ஆண்டுக்கு ஆண்டு நிலத்தில் நீடித்தவர்கள். நிலக்கிழார் சொன்னவருக்கு வாக்களிக்காதவனை அடுத்த பருவத்தில் வெளியேற்றச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. குடியானவனின் வாக்கு நிலத்தோடு சேர்ந்த சொத்து என்றே பல நிலக்கிழார்கள் நினைத்தார்கள்.

இந்தப் பிடியை முதலில் உடைத்தவர்கள் பங்குக்குருக்கள். 1828-இல் கிளேர் கவுண்டி இடைத்தேர்தலில் டேனியல் ஓ'கானல் நின்றார். கத்தோலிக்கர் என்பதால் வென்றாலும் உறுதிமொழி எடுத்து நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத நிலை. ஆனாலும் 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் வைத்திருந்த சிறு குடியானவர்கள் குருக்களின் பின்னால் அணிவகுத்து வந்து, தங்கள் நிலக்கிழார்களின் கண் முன்னேயே ஓ'கானலுக்கு வாக்களித்தார்கள். மறு ஆண்டே கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவு திறந்தது. கூடவே அரசு ஒரு காரியம் செய்தது. அயர்லாந்தின் கவுண்டித் தொகுதிகளில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக உயர்த்தியது. கிளேரில் துணிந்து நின்ற அதே சிறு குடியானவர்களின் வாக்கு பறிபோனது.

அயர்லாந்தில் குருவின் அரசியல் செல்வாக்கை மதிப்பிடும்போது இந்தப் பின்னணியை விட்டுவிட முடியாது. வாக்காளர் சுதந்திரமாக இருந்த இடத்துக்குள் குரு புகுந்து அவரைக் கட்டிப்போட்டார் என்று சொல்லிவிட முடியாது. நிலத்தைப் பறிப்பேன் என்ற பயம் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்கு எதிராகக் குரு வைத்த எடை, சில நேரம் தைரியமாகவும் சில நேரம் இன்னொரு பயமாகவும் இருந்தது.

கோடு வரைந்த நீதிபதி

தேர்தல் தகராறுகளை 1868 வரை நாடாளுமன்றக் குழுக்களே விசாரித்து வந்தன. கட்சிக்காரர்களே நீதிபதிகளாக உட்கார்ந்ததால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆண்டின் சட்டம் இந்தப் பொறுப்பை நீதிபதிகளிடம் மாற்றியது. தொகுதிக்கே வந்து, சாட்சிகளை உள்ளூரிலேயே கூப்பிட்டு விசாரிக்கும் முறை அமலுக்கு வந்தது.

அயர்லாந்தில் அப்படி வந்த முதல் வழக்குகளில் ஒன்று லாங்ஃபோர்டு. 1869 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் குருக்களின் ஆதரவு பெற்றவர், தேசியவாதியான ஜான் மார்ட்டினைத் தோற்கடித்தார். 1870-இல் மனுவை விசாரித்த நீதிபதி ஃபிட்ஸ்ஜெரால்டு தேர்தல் செல்லாது என்றார். அதைவிட, குருவுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவர் வகுத்துச் சொன்னதுதான் பின்னாளில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதியாயிற்று. குரு ஆலோசனை சொல்லலாம், பரிந்துரைக்கலாம், கெஞ்சிக் கேட்கலாம், ஒரு வேட்பாளர் ஏன் மேலானவர் என்று காரணம் காட்டலாம். ஆனால் அருட்சாதனங்களை மறுப்பேன் என்றோ, சபையிலிருந்து விலக்குவேன் என்றோ, இன்னாருக்கு வாக்களிப்பது பாவம் என்றோ, அதற்கு இம்மையிலோ மறுமையிலோ தண்டனை உண்டென்றோ சொல்லக் கூடாது. ஃபிட்ஸ்ஜெரால்டும் ஒரு கத்தோலிக்கர்தான். தன் சபையின் குருக்களுக்கு அவர் வைத்த எல்லை இது. இதில் கோபமோ இளக்காரமோ இல்லை.

கால்வேயில் நடந்தது

இரண்டு ஆண்டுகள் கழித்து கால்வேயில் இதே கேள்வி, கொதிக்கும் சூழலில் எழுந்தது. நோலன் ராணுவக் கேப்டன், சுயாட்சிக் கட்சிக்காரர். அவரே ஒரு நிலக்கிழார். முன்பு போர்ட்டகாரன் என்ற இடத்தில் அவருடைய நிலத்திலிருந்து குடியானவர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அந்தக் களங்கம் இருக்கும்வரை மக்களிடம் வாக்குக் கேட்க முடியாது. அவர் வழக்கை நடுவர்களிடம் ஒப்படைத்து, வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று அவர்கள் சொன்ன முடிவையும் ஏற்றுக்கொண்டார். குடியானவனுக்குச் செய்த தீங்குக்கு நிலக்கிழார் ஒருவர் பொறுப்பேற்பது கால்வேயில் புதிய செய்தி. மக்கள் அவர் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ட்ரெஞ்ச், கிளான்கார்ட்டி பிரபுவின் மகன். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் முந்தைய தலைமுறையில் டுவாமின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்து, கத்தோலிக்கர்களைப் புராட்டஸ்டன்ட் சபைக்கு மாற்றும் இயக்கத்துக்குத் துணை நின்றவர். நிலக்கிழார்கள், கத்தோலிக்க நிலக்கிழார்கள் உட்பட, பெரும்பாலும் ட்ரெஞ்ச் பின்னால் திரண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் எண்பது வயதைக் கடந்த டுவாம் பேராயர் ஜான் மக்ஹேல், கால்வே ஆயர், குளோன்ஃபர்ட் ஆயர் பேட்ரிக் டக்கன் ஆகியோரும் பங்குக்குருக்களும் நின்றார்கள். ஒரு கையில் நிலம், மறு கையில் பிரசங்க மேடை. நடுவில் வாய்விட்டு வாக்களிக்க வேண்டிய குடியானவன். அந்த பிப்ரவரியின் தேர்தல்களம் இதுதான்.

ஏப்ரலில் விசாரணை கால்வே நகரில் தொடங்கியது. நீதிபதி வில்லியம் கியோ கால்வேயிலேயே பிறந்த கத்தோலிக்கர். இளமையில் கத்தோலிக்க உரிமைகளுக்காக முழங்கியவர். 1852-இல், குடியானவர் உரிமைச் சட்டம் தராத எந்த அரசிலும் பதவி ஏற்பதில்லை என்று மற்ற உறுப்பினர்களோடு வாக்குக் கொடுத்தார். ஆண்டு முடிவதற்குள் அரசின் வழக்கறிஞர் பதவியை ஏற்றுக்கொண்டார். அந்த வாக்கு மீறலை அயர்லாந்து மறக்கவே இல்லை. அவர் நாடாளுமன்றத்துக்குப் போன அத்லோன் தொகுதியில் அவருக்கு ஆயர் ஒருவரின் ஆதரவு இருந்தது என்பது இந்தக் கதையின் கசப்பான துணுக்கு.

மே 27-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. குருக்கள் பிரசங்க மேடையிலிருந்து ட்ரெஞ்ச் ஆதரவாளர்களைப் பெயர் சொல்லித் தூற்றியதும், வாக்காளர்களை அச்சுறுத்தியதும் சாட்சியங்களில் வெளியாகியிருந்தன. அவற்றின் அடிப்படையில் தேர்தலை ரத்து செய்ய கியோவுக்குப் போதுமான காரணம் இருந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. மணிக்கணக்கில் வாசித்த தீர்ப்பில் குருக்களைக் கடுஞ்சொற்களால் வறுத்தெடுத்தார். நிலக்கிழார் வர்க்கத்தைப் பாராட்டினார். அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் நினைவில் ரத்தம் தோய்ந்த பெயரான ஆலிவர் கிராம்வெல்லைக்கூடப் புகழ்ந்தார். பேராயரையும் இரண்டு ஆயர்களையும் பல குருக்களையும் தகாத செல்வாக்குச் செலுத்திய குற்றவாளிகள் என்று அறிக்கை அனுப்பினார்.

அடுத்தது இன்னும் விசித்திரம். நோலனுக்குப் போடப்படும் வாக்கு வீணாகும் என்று தேர்தலின்போதே வாக்காளர்களுக்கு எதிர்த்தரப்பு அறிவிப்புக் கொடுத்திருந்தது. அதை வைத்து டப்ளின் நீதிமன்றம் 2,823 வாக்குகளின் பலனையும் இல்லையென்று ஆக்கி, இருக்கையை ட்ரெஞ்சிடம் கொடுத்தது. மறுதேர்தல் கிடையாது.

ஊர் ஊராகக் கியோவின் உருவபொம்மை எரிந்தது. சுயாட்சி இயக்கத் தலைவர் ஐசக் பட், நீதிபதியின் நடத்தையைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அரசு, ஆயர் டக்கன்மீதும் குருக்கள்மீதும் குற்ற வழக்குத் தொடர்ந்தது. 1873-இல் ஆயரை ஜூரி விடுவித்தது. மற்ற வழக்குகளும் பிசுபிசுத்தன. 1874 பொதுத்தேர்தலில் நோலன் மறுபடியும் நின்றார், வென்றார். கால்வே மக்கள் முதலில் சொன்னதையே இரண்டாவது முறையும் சொன்னார்கள்.

கியோ பார்த்தது பொய்யல்ல, மிரட்டல் நடந்தது. ஆனால் பயமுறுத்தப்பட்டவர்களாகத்தான் அவர் கால்வே மக்களை முழுக்க முழுக்கக் கண்டார். நிலத்தின்மீதான கோபம், சுயாட்சி ஆசை, போர்ட்டகாரன் தீர்வு தந்த நம்பிக்கை ஆகிய மூன்றும் வாக்காளரின் சொந்தக் காரணங்களாக இருக்கக்கூடும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நிலக்கிழாரின் செல்வாக்கை இயல்பு என்றும் குருவின் செல்வாக்கை நோய் என்றும் கருதியதில் தீர்ப்பு தன் நியாயத்தை இழந்தது. இரண்டு மிரட்டலில் ஒன்றை மட்டும் தண்டிக்கும் நீதிமன்றத்தை ஊரார் கட்சிக்காரராகத்தான் பார்ப்பார்கள்.

திரை விழுந்த பின்பும்

கால்வே தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆகுமுன், 1872 ஜூலை 18-இல், ரகசிய வாக்குச் சட்டம் நிறைவேறியது. இனி நிலக்கிழாருக்கும் தெரியாது, குருவுக்கும் தெரியாது என்பது எதிர்பார்ப்பு. நிலக்கிழார் விஷயத்தில் அது பெருமளவு பலித்தது. 1880-களில் அயர்லாந்தின் தொகுதிகள், சுயாட்சி இயக்கத்தின் பின்னாளைய தலைவரான பார்னெலின் கட்சியிடம் போனதில் திரைமறைவு வாக்குக்குப் பெரிய பங்குண்டு.

குரு விஷயத்தில் அந்தத் திரையில் ஓர் ஓட்டை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர், வாக்குச்சாவடி அதிகாரியிடம் தன் தேர்வை வாயால் சொல்ல, அவர் சீட்டில் குறியிடுவார். அப்போது முகவர்கள் உடன் இருப்பார்கள். 1892-இல் அயர்லாந்தில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இப்படித்தான் வாக்களித்தார். அந்த முகவர் நாற்காலியில் பங்குக்குரு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை மீத் கவுண்டி காட்டியது.

பார்னெல் சம்பந்தப்பட்ட மணவிலக்கு வழக்கு விவகாரத்தில் 1890 இறுதியில் கட்சி இரண்டாக உடைந்தது. ஆயர்கள் பார்னெலுக்கு எதிராக நின்றார்கள். 1891 அக்டோபரில் பார்னெல் இறந்த பிறகும் பிளவு ஆறவில்லை. 1892 ஜூலைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு மீத் ஆயர் தாமஸ் நல்ட்டி ஒரு மடல் எழுதினார். கோயில்களில் அது வாசிக்கப்பட்டது. பார்னெல் அணியைப் பற்றிக்கொண்டிருப்பவன் கத்தோலிக்கனாக நீடிக்க முடியாது என்பது அதன் சாரம். பார்னெல் ஆதரவாளன் சாகும் நேரத்தில், குருவின் கையால் அவஸ்தைப்பூசுதல் பெறாமல் தன்னைப் படைத்தவரின் முன் போக அஞ்சுவான் என்றும் அது நினைவூட்டியது. லாங்ஃபோர்டில் ஃபிட்ஸ்ஜெரால்டு எவையெவை கூடாது என்றாரோ அவை ஏறக்குறைய எல்லாம் இந்த ஒரே மடலில் இருந்தன.

வட மீத்தில் மைக்கேல் டேவிட்டும் தென் மீத்தில் பேட்ரிக் ஃபுல்லமும் வென்றார்கள். இருவரும் பார்னெல் எதிர்ப்பாளர்கள். டேவிட், நிலச் சங்கத்தைத் தொடங்கிய தேசத் தலைவர். குருக்களுக்கு அடங்கியவர் என்று யாரும் சொல்லாதவர். ஆனாலும் மனு வந்தது. சட்டமும் அதற்குள் கூர்மையாகியிருந்தது. 1883-ஆம் ஆண்டின் தேர்தல் முறைகேடு தடுப்புச் சட்டம், உலகியல் தீங்கோடு ஆன்மிகத் தீங்கையும் பெயர் சொல்லித் தகாத செல்வாக்கில் சேர்த்திருந்தது. குருக்கள் வாக்குச்சாவடிக்குள் முகவர்களாக அமர்ந்தது விசாரணையில் வெளியானது. தென் மீத் தீர்ப்பில் நீதிபதி ஓ'பிரையன், திருச்சபையே அங்கு ஒரு மாபெரும் தேர்தல் இயந்திரமாக மாறிப்போயிருந்தது என்று மதிப்பிட்டார். இரண்டு தேர்தல்களும் ரத்தாயின.

1893 பிப்ரவரியில் மறுதேர்தல். இரண்டு தொகுதிகளிலும் மீண்டும் பார்னெல் எதிர்ப்பாளர்களே, குறைந்த வித்தியாசத்தில், வென்றார்கள். தென் மீத்தில் வென்ற ஜெரமையா ஜோர்டன் கத்தோலிக்கர்கூட இல்லை, மெதடிஸ்ட் சபைக்காரர். ஆயரின் பகை பார்னெல் அணியோடுதான் இருந்ததே தவிர, வேட்பாளரின் மதம் அவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

நீலச் சொர்க்கம், சிவப்பு நரகம்

கனடாவின் கியூபெக்கில் இதே நாடகம் வேறு மேடையில் நடந்தது. கன்சர்வேட்டிவ் கட்சியின் நிறம் நீலம், லிபரல்களின் நிறம் சிவப்பு. சொர்க்கம் நீலம், நரகம் சிவப்பு என்பது அந்தக் காலத்துக் கியூபெக் பிரசங்கங்களின் அடையாளமாகவே நினைவில் நிற்கும் வாக்கியம். 1875 செப்டம்பரில் ஆயர்கள் கூட்டாக ஒரு மடல் வெளியிட்டு, கத்தோலிக்க லிபரலியத்தைக் கண்டித்தார்கள். 1876 ஜனவரியில் சார்லவா இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஹெக்டர் லாங்க்வின், லிபரல் வேட்பாளர் பியர் அலெக்ஸி ட்ரம்ப்ளேயைத் தோற்கடித்தார். லிபரலுக்கு வாக்களித்தால் ஆன்மாவுக்குக் கேடு என்று குருக்கள் போதித்ததாகவும், அதைக் கேட்டுப் பயந்ததாகவும் வாக்காளர்கள் சாட்சி சொன்னார்கள்.

கீழ் நீதிபதி அடோல்ஃப் ரூத்தியே மனுவைத் தள்ளினார். பிரசங்க மேடையில் குரு சொல்வதை விசாரிக்கச் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது அவர் நிலை. கனடாவின் தேசிய கீதத்துக்குப் பிரெஞ்சு வரிகள் எழுதியவர் இவர்தான். மேல்முறையீடு, அப்போதுதான் புதிதாகப் பிறந்திருந்த உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1877 பிப்ரவரியில் நீதிபதி ஜான் தோமா தஷ்ரோ தேர்தலை ரத்து செய்தார். அயர்லாந்துத் தீர்ப்புகள் அங்கே முன்னுதாரணங்களாக எடுத்தாளப்பட்டன. கியூபெக்கின் பேராயர் தஷ்ரோ இந்த நீதிபதியின் உடன்பிறந்த சகோதரர். ஆயர்கள் கூட்டாக விட்ட மடலின் அரசியல் விளைவுக்கு, பேராயரின் வீட்டுக்குள்ளிருந்தே சட்டம் பதில் சொன்னது.

மறுதேர்தலில் லாங்க்வின்தான் மீண்டும் வென்றார்.

சார்லவா வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கனடாவில் 1874-இலேயே ரகசிய வாக்கு வந்துவிட்டது. கால்வேக் குடியானவனைப் போல சார்லவா வாக்காளர் யார் முன்பும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பயந்தார். திரை, ஆயரிடமிருந்து வாக்கை மறைக்கும். நம்புகிறவனின் கணக்கில் ஆண்டவரிடமிருந்து மறைக்காது. பணம் கொடுத்தவனையும் நிலத்தைப் பறிப்பவனையும் ஏமாற்றிவிட்டு வரலாம். மறுமைப் பயத்துக்குச் சாட்சி தேவையில்லை. ஆன்மிக மிரட்டலைச் சட்டம் தனியாகப் பெயரிட்டுச் சேர்த்ததற்கான நியாயம் இதில்தான் இருக்கிறது.

இந்தப் பயம் கியூபெக்கில் எப்படித் தளர்ந்தது? சார்லவா தீர்ப்பு வந்த அதே ஆண்டில் ரோமாபுரி, ஆயர் ஜார்ஜ் கான்ராயைத் தூதராக அனுப்பி, கியூபெக் குருக்களின் அரசியல் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. அந்தக் கான்ராய், லாங்ஃபோர்டு அடங்கிய அயர்லாந்து மறைமாவட்டத்தின் ஆயர். அதே ஆண்டு ஜூனில் லிபரல் கட்சியின் வில்ஃபிரிட் லாரியே, பிரிட்டிஷ் மரபின் அரசியல் லிபரலியம் திருச்சபைக்குப் பகையல்ல என்று கியூபெக் நகரில் வாதாடினார். 1896-இல், கத்தோலிக்கப் பள்ளிகளின் உரிமை பற்றிய மானிட்டோபா பள்ளிப் பிரச்சினையில் ஆயர்கள் மறுபடியும் கூட்டு மடல் விட்டார்கள். அந்தத் தேர்தலில் லாரியேயின் லிபரல் கட்சி கியூபெக்கின் 65 இடங்களில் 49-ஐப் பிடித்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் வாக்குச்சாவடியில் தங்கள் ஆயர்களின் விருப்பத்தைத் தாண்டிப் போனார்கள். அதைச் செய்ய எந்த நீதிபதியும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை.

மால்ட்டாவில் இன்னும் கடுமையான வடிவம் இருந்தது. 1961-இல் பேராயர் கோன்ஸி, டொம் மின்டாஃபின் தொழிற்கட்சித் தலைவர்களுக்கு அருட்சாதனங்களை மறுத்தார். அந்தக் கட்சிக்கு வாக்களிப்பது சாவான பாவம் என்று போதிக்கப்பட்டது. கட்சியின் துணைத் தலைவரும் எழுத்தாளருமான ஜூசே எல்லுல் மெர்செர் அந்த ஆண்டு இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் மந்திரிக்கப்படாத ஒரு மூலையில்தான் புதைக்கப்பட்டார். 1962 தேர்தலில் கட்சி தோற்றது. 1969-இல் திருச்சபையும் கட்சியும் சமாதானம் செய்துகொண்டன. வாக்கைப் பாவக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் நின்றது. 1971-இல் மின்டாஃப் ஆட்சிக்கு வந்தார். இங்கும் முடிச்சை அவிழ்த்தது நீதிமன்றம் அல்ல, பேச்சுவார்த்தை.

இந்தியச் சட்டத்தில்

இந்தியாவில் இந்தக் கருத்து 1920-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் வழியாகத் தண்டனைச் சட்டத்துக்குள் வந்து, பின்னர் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123-ஆம் பிரிவில் இடம்பிடித்தது. வாக்காளரோ அவருக்கு வேண்டியவரோ தெய்வக் கோபத்துக்கோ ஆன்மிகக் கண்டனத்துக்கோ ஆளாவார் என்று நம்பவைப்பது, நம்பவைக்க முயல்வது இரண்டுமே தகாத செல்வாக்கு. அயர்லாந்துக் குருவை மனத்தில் வைத்து வளர்ந்த விதி இங்கே குருக்கள், மடாதிபதிகள், இமாம்கள், சாமியாடிகள் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இதற்கு உரைகல்லாக அமைந்தது 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராம் தயாள் வழக்கு. அப்போது பஞ்சாபில் இருந்த சிர்சா சட்டமன்றத் தொகுதியில் 1957-இல் ராம் தயாள் வென்றார். அவருக்கே வாக்களிக்க வேண்டும் என்று நாம்தாரி சீக்கியர்களின் குரு தம் சீடர்களுக்கு விட்ட ஆணை, சுவரொட்டியாகவும் பரவியிருந்தது. மதத்தலைவர் ஒரு வேட்பாளரைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லலாம், ஆதரிக்கலாம். அதைத் தடுத்தால் பேச்சுரிமையே பறிபோகும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சீடருக்கு வேறு வழியே இல்லை என்று உணர்த்தும் ஆணை, ஆலோசனை ஆகாது. தேர்தல் ரத்தானது. லாங்ஃபோர்டில் வரைந்த கோட்டோடு இது ஒத்துப்போவது தற்செயல் இல்லை.

இதே 123-ஆம் பிரிவில் இன்னொரு கிளை உண்டு: மதம், சாதி, இனம், மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பது. இங்கே மிரட்டல் தேவையில்லை; முறையீடு போதும். 2017 ஜனவரி 2-இல் அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் நான்குக்கு மூன்று என்று பிரிந்தார்கள். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் குற்றமே என்றது பெரும்பான்மை. மதம், சாதி, மொழி காரணமாக ஒடுக்கப்பட்டவர்கள் அந்த ஒடுக்குமுறையைத் தேர்தலில் பேசவே கூடாதா என்று கேட்டது சிறுபான்மைத் தீர்ப்பு. கால்வேயில் கியோ கேட்கத் தவறியதும் கிட்டத்தட்ட இதே கேள்வி. மக்களின் குறையைச் சொல்லும் குரலையும், மக்களின் பயத்தைச் சுரண்டும் குரலையும் ஒரே தட்டில் வைத்தால் முதலில் அடங்குவது குறை சொல்லும் குரல்தான்.

அந்த வழக்கு எழுந்தது 1990-இல் மும்பை சாந்தாகுரூஸ் சட்டமன்றத் தொகுதியில் நடந்த தேர்தலிலிருந்து. சட்டக் கேள்விக்கு விடை வர இருபத்தாறு ஆண்டுகள் தாண்டின. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் எப்போதோ முடிந்து, பல தேர்தல்கள் வந்து போயிருந்தன.

தீர்ப்புக்கு வெளியே

ஆன்மிக மிரட்டலைத் தடுக்கும் விதியின் அண்மைக்காலப் பெரிய வழக்கு ஒன்று பிரிட்டனிலேயே நடந்தது. 2014-இல் லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தலில், லுட்ஃபுர் ரஹ்மானை ஆதரித்து 101 இமாம்களும் மத அறிஞர்களும் கையெழுத்திட்ட கடிதம் ஒரு வங்க மொழி இதழில் வந்தது. 2015-இல் தேர்தல் நீதிமன்றம், மற்ற முறைகேடுகளோடு ஆன்மிகத் தகாத செல்வாக்கும் நடந்ததாகக் கண்டு தேர்தலை ரத்து செய்தது. பழைய அயர்லாந்து வழக்குகள் அங்கே மீண்டும் தூசி தட்டப்பட்டன. தேர்தலில் நிற்க விதித்த தடைக்காலம் முடிந்ததும் 2022-இல் ரஹ்மான் மறுபடி மேயரானார்.

நோலன், லாங்க்வின், மீத் பார்னெல் எதிர்ப்பாளர்கள், ரஹ்மான் என நீதிமன்றம் வீழ்த்திய தரப்பை வாக்காளர் திரும்ப அழைத்து வந்தது நான்கு இடங்களில் நடந்திருக்கிறது. இதை வைத்துத் தீர்ப்புகள் தவறு என்று சொல்வதற்கில்லை. மறுமையைக் காட்டி வாக்குப் பறிப்பது குற்றம் என்று ஊரறியச் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் தீர்ப்பு தண்டிப்பது வேட்பாளரை. வாக்காளரின் மனத்துக்குள் இருக்கும் பயத்தைத் தீர்ப்பு தொடுவதில்லை. அந்தப் பயத்தைத் தளர்த்தியவை எழுத்தறிவும், கசியாத ரகசியமும், பக்தி வேறு வாக்கு வேறு என்று விசுவாசிகள் தாங்களாகவே பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும்தான்.

இதில் மூன்றாவதை எந்த அரசும் ஆணையிட்டுக் கொண்டுவர முடியாது. இரண்டாவதை முடியும், நாம் அதைச் செய்யவில்லை. இந்தியத் தேர்தலில் தனி வாக்காளரின் தேர்வு தெரியாது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வாக்குச்சாவடியும் யாருக்கு எத்தனை வாக்குப் போட்டது என்று படிவம் 20-இல் வெளியாகிறது. ஒரு தெரு, ஒரு சேரி, ஒரு மசூதியைச் சுற்றிய குடியிருப்பு எப்படி வாக்களித்தது என்பதைச் சாதிச் சங்கத் தலைவரும் மதத்தலைவரும் தோற்ற வேட்பாளரும் மறுநாளே கணக்குப் போட்டுவிடலாம். மீத் கவுண்டியில் குரு முகவர் நாற்காலியில் அமர்ந்து தெரிந்துகொண்டதை இங்கே அச்சிட்ட தாளே சொல்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் ஏற்பாடு இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் அது போயிற்று. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

மதத்தின் பெயரால் நடக்கும் தேர்தல் மிரட்டலைப் பற்றி எல்லாக் கட்சிகளும் மேடையில் கவலைப்படுகின்றன. அந்தக் கவலை உண்மையானால், புதிய தண்டனைப் பிரிவுகளைத் தேடுவதற்கு முன் அவர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் இது: சாவடி வாரியான எண்ணிக்கையை நிறுத்தி, டோட்டலைசரைக் கொண்டுவரச் சம்மதிப்பது.